'சுவடு வாயு' வேண்டாம், 'இம்மி வாயு' என்போம். 'உமிழ்வு' பற்றியும் ஒரு சொல்

அன்புள்ள குழு நண்பர்களுக்கு,

வணக்கம். காற்றில் மிகச் சிறிய அளவே உள்ள வாயுக்களை ஆங்கிலத்தில் டிரேஸ் கேஸ் என்கிறார்கள். அதற்குச் 'சுவடு வாயு' என்று போன வாரம் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். வேளச்சேரியில் சனிக்கிழமைதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித் தருகிறேன். அவர்களுக்காகத் தயாரித்த கைப்பிரதியிலும் அந்தச் சொல்தான் இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி படித்துவிட்டு, "யாரோட சுவடு சார்?" என்று கேட்டாள். பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சுவடு என்றால் நடந்துபோனவர் விட்டுச்சென்ற தடம். மீத்தேன் எதன் தடமும் அல்ல. காற்றில் மிகமிகக் குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லுக்கு இருக்கும் இரண்டு பொருளில் நாம் தவறானதைப் பிடித்துக்கொண்டோம்.

எவ்வளவு குறைவு என்று பார்த்தால் சொல் தானாக வருகிறது. பத்து லட்சம் பங்கு காற்றை எடுத்துக்கொண்டால் அதில் கார்பன் டை ஆக்சைடு 420 பங்கைத் தாண்டிவிட்டது. மீத்தேன் 2 பங்குக்குச் சற்றுக் குறைவு. நைட்ரஸ் ஆக்சைடு ஒரு பங்குகூட இல்லை, அதில் மூன்றில் ஒன்றுதான். இப்படி லட்சங்களில் ஒரு பங்கைச் சொல்ல நம் பழைய பின்னக் கணக்கான கீழ்வாய் இலக்கத்திலேயே ஒரு பெயர் உண்டு: இம்மி. முந்திரி, கீழ்முந்திரி எல்லாம் தாண்டி அதற்கும் கீழே வரும் பின்னம் அது. கணக்கு வழக்கொழிந்தாலும் சொல் சாகவில்லை. 'இம்மியளவும் சந்தேகமில்லை', 'இம்மி பிசகாமல்' என்று இன்றும் பேசுகிறோம். எனவே என் பரிந்துரை 'இம்மி வாயு'.

'இம்மி என்றால் அற்பம் என்று ஆகிவிடாதா?' என்று சிலருக்குத் தோன்றலாம். 'இம்மி பிசகாமல்' என்று சொல்பவர் அந்தச் சிறு அளவும் முக்கியம் என்பதால்தானே சொல்கிறார்? நைட்ரஸ் ஆக்சைடுக்கு இது சரியாகப் பொருந்துகிறது. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு பூமியைச் சூடேற்றுவதில் 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

அப்புறம், எமிஷன் என்பதற்கு எழுதும் 'உமிழ்வு'. எனக்குப் பெரிய மனக்குறை இந்தச் சொல்லில்தான். தொழிற்சாலைப் புகைபோக்கிக்கு உமிழ்வு சரி. காட்டுக்கும் மண்ணுக்கும் அதையே எழுதும்போது, அளப்பதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அமேசான் காடுகளில் நீர் தேங்காத மேட்டு மண் மீத்தேனை வெளியே விடுவதைவிட உள்ளே இழுப்பதுதான் அதிகம். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றில் உள்ள மீத்தேனைத் தின்று வாழ்கின்றன. அதே காட்டை வெட்டிப் புல் விதைத்து மாடு விட்டால் நிலைமை மாறுகிறது. மாடு மிதித்து மண் இறுகும். காற்று உள்ளே புகாது. பிரேசிலின் ரோண்டோனியா மாநிலத்தில் அளந்தபோது, மீத்தேனை வாங்கிக்கொண்டிருந்த மண் மேய்ச்சல் நிலமான பிறகு கொடுக்கும் மண்ணாக மாறியிருந்தது. அங்கே நைட்ரஸ் ஆக்சைடின் கதை வேறு. புல் போட்ட முதல் சில ஆண்டுகள் மண்ணிலிருந்து காட்டைவிடக் கூடுதலாக வெளியேறுகிறது. மேய்ச்சல் நிலம் பழசாக ஆகக் காட்டைவிடக் குறைந்துவிடுகிறது. இதையெல்லாம் 'உமிழ்வு' என்ற ஒரே பெயரில் எப்படி எழுதுவது? 'எதிர்மறை உமிழ்வு' என்று எழுதியிருப்பதைப் படித்திருக்கிறேன். உள்ளே இழுப்பதை 'எதிர்மறையாகத் துப்புவது' என்று சொல்வது தமிழ்க் காதில் ஏறவே ஏறாது.

வெளியே போவது, உள்ளே வருவது இரண்டுக்கும் பொதுவாக ஆங்கிலத்தில் ஃபிளக்ஸ் என்கிறார்கள். அதற்குப் 'பரிமாற்றம்' என்று இன்னொரு நண்பர் சொன்னார். நல்ல சொல்தான். ஆனால் பரிமாற்றம் என்றால் ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவது. மீத்தேனை இழுத்துக்கொள்ளும் மண் பதிலுக்கு மீத்தேனைத் தருவதில்லை. ஃபிளக்ஸுக்கு உள்ள 'பாயம்' என்ற சொல் நம் பாடநூல்களில் காந்தப்பாயமாக ஊறிவிட்டது. அது அங்கேயே இருக்கட்டும்.

நான் சொல்ல விரும்புவது 'போக்குவரவு'. போவதும் உண்டு, வருவதும் உண்டு, எது எவ்வளவு என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரிக்கு நீர்வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை கனஅடி என்று மழைக்காலத்தில் சென்னையில் எல்லோரும் தினமும் பார்க்கிறோமே, அதே கணக்குதான். சதுர மீட்டருக்கு நொடிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று அளவைக் குறிக்கும்போது 'போக்குவரவு வீதம்' எனலாம். காற்றைப் பற்றி எழுதுபவர்கள் மேலே போவதைக் கூட்டல் குறியிலும், காட்டுக்குள் வருவதைக் கழித்தல் குறியிலும் எழுதுவது வழக்கம். மாணவர்கள் இதில் தடுமாறுகிறார்கள். 'காட்டின் நிகர வரவு', 'காட்டின் நிகரப் போக்கு' என்று எழுதிவிட்டால் குறியே தேவைப்படாது. 'போக்குவரத்து' என்றால் பேருந்துதானே நினைவுக்கு வரும் என்பீர்கள். அதனால்தான் 'வரத்து' வேண்டாம், 'வரவு' என்கிறேன்.

இந்த இரட்டைத்தன்மை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பிரேசிலில் சாந்தரேம் நகருக்குத் தெற்கே உள்ள தபஜோஸ் தேசியக் காட்டில், மரமுகட்டுக்கு மேலே கோபுரம் கட்டிப் பல ஆண்டுகள் அளந்தார்கள். மழைக்காலத்தில் காடு செழித்துக் கார்பனை வாங்கும், வறண்ட மாதங்களில் இழக்கும் என்றுதான் கணினி மாதிரிகள் சொல்லியிருந்தன. 2003இல் வெளிவந்த முடிவு நேர்மாறாக இருந்தது. வறண்ட காலத்தில் வரவு. மழைக்காலத்தில், பட்டுப்போன மரங்கள் ஈரத்தில் மக்குவதால், போக்கு. ஒரே காட்டில் ஒரே ஆண்டுக்குள் திசை மாறுகிறது.

அந்தக் கோபுர முறைக்கும் பெயர் வேண்டும். எடி கோவேரியன்ஸ் என்பதைச் 'சுழல் உடன்மாறுபாடு' என்று பெயர்த்தால் புள்ளியியல் தெரிந்தவருக்கே புரியும். நடப்பது எளிது. காற்று சிறுசிறு சுழிகளாக ஏறி இறங்குகிறது. நொடிக்குப் பத்து முறையோ அதற்கு மேலோ, காற்றின் மேல்கீழ் வேகத்தையும் அதில் உள்ள வாயுவின் அளவையும் சேர்த்தே பதிகிறார்கள். இறங்கும் சுழியை விட ஏறும் சுழி அதிகம் சுமந்திருந்தால் போக்கு, குறைவாகச் சுமந்திருந்தால் வரவு. வழக்கமாக அரை மணி நேரத்துக்கு ஒரு கணக்கு எடுக்கிறார்கள். ஆற்றில் இறங்கியவர்களுக்கெல்லாம் சுழி தெரியும். எனவே 'சுழிக்கணக்கு முறை' என்று வைக்கலாம். காற்றே அசையாத இரவுகளில் இந்த முறை ஏமாந்துவிடும்: மரங்களும் மண்ணும் விட்ட மூச்சு முகட்டுக்குக் கீழேயே தங்கிவிட, கோபுரத்துக் கருவி அதைக் காணாது. நம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டிலும் இந்த முறையில் அளந்திருக்கிறார்கள் என்பதால் தமிழ்ப் பெயர் உடனடித் தேவை.

மண்ணின் மேல் கலத்தைக் கவிழ்த்து, உள்ளே வாயு ஏறுகிறதா இறங்குகிறதா என்று சில நிமிட இடைவெளியில் ஊசிக்குழலில் எடுத்துப் பார்க்கும் முறைக்கு 'அறை' என்று எழுதுகிறார்கள். ஊர்ப்பக்கம் கோழியைப் பஞ்சாரம் போட்டு மூடுவது போலத்தான் இது. 'கவிகலம்' போதும்.

வாயுவா, வளிமமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பிள்ளைகள் பள்ளியில் 'பசுமை இல்ல வாயு' என்று படிப்பதால் 'வாயு' என்றே எழுதினேன். 'இம்மி', 'போக்குவரவு' இரண்டைப் பற்றியும் உங்கள் கருத்தைக் கட்டாயம் எழுதுங்கள். கைப்பிரதியைத் திருத்தி வரும் வெள்ளிக்கிழமை நகலெடுக்கக் கொடுக்க வேண்டும். மறுநாள் பிள்ளைகளைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்துக்கு அழைத்துப் போகிறேன். சேற்றிலிருந்து குமிழ் வருவதைக் காட்டி, அதில் உள்ள மீத்தேனை எந்தப் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துவது என்று அதற்குள் முடிவாக வேண்டும்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து