சூசோவின் 'வளைவுத் தோட்டம்': யூ யுவே வீட்டுக்குப் போய் வந்தவர்கள் எழுதலாம்

நடைவண்டி:
சீனாவின் சூசோ நகரத்து ஹான்ஷான் கோயிலில் இருக்கும் புகழ்பெற்ற கவிதைக் கல்வெட்டை 1906இல் தம் கையால் எழுதிக் கொடுத்தவர் அறிஞர் யூ யுவே என்று தெரிந்ததும், அவருடைய வீட்டையும் பார்த்துவிடலாம் என்று மாயிகே சந்துக்குள் தூறலோடு நுழைந்தேன். வீட்டின் அமைப்பை விவரிக்கப் போவதில்லை, போனவர்களுக்குத் தெரியும். கூடங்களைக் கடந்து பின்புறம் வந்தபோது சிறு குளமொன்றும் அதன் கரையில் ஒரு மண்டபமும் சில பாறைகளும் தெரிந்தன. இது ஏதோ ஒரு முற்றம், தோட்டம் இதற்கு அப்பால் இருக்கும் என்று எண்ணி, இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்த முதியவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சீனத்தில், "ஐயா, தோட்டம் எங்கே?" என்று கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை. துடைப்பத்தின் நனைந்த முனையால் தாழ்வாரத்தின் உலர்ந்த கல்லில் மேலிருந்து கீழாக ஒரு கோடும், அது முடிந்த இடத்திலிருந்து பக்கவாட்டில் இன்னொரு கோடும் இழுத்தார். நேரே போய்த் திரும்பச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பிய இடத்தில் வெள்ளைச் சுவர்தான் நின்றது. வெளியே வருவதற்கு மீண்டும் அவரைக் கடந்தாக வேண்டும். கடந்தபோது அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. விடுதிக்கு வந்து படித்த பிறகுதான், வளைவைக் குறிக்கும் 'ச்சூ' என்னும் எழுத்தின் பழைய வடிவமும், அந்தச் சிறு நிலத்தின் வடிவமும் ஏறத்தாழ அதே மடங்கிய கோடுதான் என்று தெரிந்தது. தோட்டத்துக்குள் நின்றுகொண்டே தோட்டம் எங்கே என்று கேட்டவனுக்கு, அவர் அதன் பெயரை எழுதிக் காட்டியிருக்கிறார்.

கல்தச்சன்:
இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நீங்கள் பார்த்த வரிசைதான் தவறு. ஐந்து ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கும் சுவோசெங் தோட்டத்தை முதலில் பார்த்துவிட்டு வருகிற கண்ணுக்கு, இந்த வீட்டுத் தோட்டம் முற்றமாகத்தான் தெரியும். எனக்கு நேர்ந்தது வாங்ஷி தோட்டத்தில். அங்கே குளக்கரை மண்டபத்தில் ஒரு கண்ணாடி பதித்திருக்கிறார்கள். வானத்தில் ஒன்று, நீரில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று என மூன்று நிலவுகளைக் காணலாம் என்பார்கள். இரவுக் காட்சிக்குப் போய் ஆவலோடு எட்டிப் பார்த்தால், மூன்றாம் நிலவின் இடத்தில் என் வழுக்கைத் தலைதான் இருந்தது. பின்னால் நின்ற ஒருவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. இனிப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். அக்டோபர் முதல் வாரத் தேசிய விடுமுறையில் சூசோவின் பக்கமே போகாதீர்கள். கடவுச்சீட்டைக் கையோடு வைத்திருங்கள். சிறிய தோட்டத்தை முதலிலும் பெரியதை இறுதியிலும் பாருங்கள். உள்ளே நுழைந்ததும் படம் எடுக்கத் தொடங்காமல், ஒவ்வொரு பின்னல் சன்னலின் முன்னும் நின்று, அது எந்த மூங்கிலை, எந்தப் பாறையைச் சட்டமிட்டுக் காட்டுகிறது என்று கவனியுங்கள். நடைபாதையில் கூழாங்கல்லும் ஓட்டுத் துண்டும் சேர்த்துப் போட்டிருக்கும் கோலங்களுக்காக அவ்வப்போது குனிந்தும் பாருங்கள். சுவருக்கு வெளியே இருக்கும் மலையையோ கோபுரத்தையோ தோட்டத்துக்குள் இருப்பதுபோல் காட்டும் 'இரவல் காட்சி' உத்தியைப் பற்றித் தோட்டக்கலைஞர் ஜி செங் 1630களிலேயே எழுதியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுப் போனால் பாதிக் குழப்பம் தீரும். காலணியும் வழுக்காததாக இருக்கட்டும்.

முல்லைக்கொடி:
கல்தச்சன் அவர்களே, அளவை வைத்து வரிசைப்படுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சுவோசெங்கும் வாங்ஷியும் வசதி படைத்தவர்கள் கட்டியவை. யூ யுவே, ஹெனான் மாகாணத்தின் கல்வி அதிகாரியாக இருந்தபோது, செவ்வியல் நூல்களை வெட்டி ஒட்டித் தேர்வு வினாக்கள் அமைத்தார் என்ற குற்றச்சாட்டில் 1857இல் பதவி இழந்தவர். அதன்பின் படிப்பித்தும் எழுதியும் வாழ்ந்த அவர், 1870களின் நடுவில், உயர் அதிகாரி லி ஹொங்சாங் உள்ளிட்ட நண்பர்களின் உதவியோடுதான் இந்த வீட்டைக் கட்ட முடிந்தது. வீட்டுக்குப் போக மிஞ்சிய நிலம் மடங்கிக் கிடந்தது. அதையே தோட்டமாக்கி, 'வளைந்தது முழுமை பெறும்' என்ற பண்டைச் சீன ஞானி லாவோட்சுவின் சொல்லை நினைத்துப் பெயரும் வைத்தார். இது சிறிய தோட்டம் என்பதைவிட, மீந்த நிலத்தில் போட்ட தோட்டம் என்பதே சரி.

என் மனத்தில் நிற்பது கூடத்தின் பெயர்ப்பலகை. 1850ஆம் ஆண்டு அரசுப்பணித் தேர்வில், 'பூக்கள் உதிர்ந்தும் வசந்தம் இருக்கிறது' என்று அவர் தொடங்கிய கவிதையை மெச்சி, அவரை முதலிடத்தில் வைத்தவர் உயர் அதிகாரி ஸெங் குவோஃபான். பிற்காலத்தில் அந்த வரியிலிருந்தே 'சுன் ஸாய் தாங்', அதாவது வசந்தம் இருக்கும் கூடம், என்று பெயரெழுதிக் கொடுத்தவரும் அவரே. நான் போயிருந்த அன்று ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன், வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய அதைப் பள்ளியில் படிப்பதுபோல் இடமிருந்து வலமாக, "தாங் ஸாய் சுன்" என்று உரக்கப் படித்தான். பாட்டி அவன் மோவாயைப் பிடித்து முகத்தை வலப்பக்கம் திருப்பிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தார். அவன் திருத்திப் படித்துவிட்டு, "அப்படியென்றால் நான் படித்தது என்ன?" என்று கேட்டான். பாட்டி யோசித்துப் பார்த்துவிட்டு, "கூடம் வசந்தத்தில் இருக்கிறது" என்றார். இருவரும் சிரித்தார்கள். அந்தப் பலகையைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு இப்போது அந்தச் சிறுவனுடைய வாசிப்புத்தான் முதலில் வருகிறது.

நடைவண்டி:
முல்லைக்கொடிக்கு நன்றி. கல்தச்சன் அவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நான் சுவோசெங் தோட்டத்துக்குப் போனதே இல்லை. சூசோவில் நான் பார்த்த முதல் தோட்டமே இதுதான். ஆகவே வரிசையின் மீது பழி போட முடியாது. என்னை உறுத்துவது தோட்டத்தின் அளவு அன்று. சுவரில் முட்டித் திரும்பி வந்தபோது கல்லில் அந்தக் கோடு பாதி உலர்ந்திருந்தது. பக்கவாட்டுக் கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. அதையும் வழி என்றே நினைத்துக்கொண்டு, மிதித்துவிடாமல் தாண்டி வந்தேன்.