கலைச்சொல் தேவை: 'தனிப்பட்ட' நெடுநாள் நினைவு

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை:
கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்பில் பட்டிமன்றம். செயற்கை நுண்ணறிவுக்கு, வேறு யாரும் புரட்டாத நெடுநாள் நினைவு ஒன்றைக் கொடுத்தால் அது நல்லது கெட்டது அறிந்து வளருமா என்பது தலைப்பு. ஒரு பேச்சில் நடந்ததைத் தனியே சேமித்து வைக்காவிட்டால், அடுத்த பேச்சில் மொழி மாதிரிக்கு (நம்மோடு உரையாடும் செயற்கை நுண்ணறிவுக்கு) அது தெரியாது. பிறகு நேற்றைய தவறை நினைத்து எப்படித் திருந்தும்? 'தனிப்பட்ட நினைவகம்' என்று பலகையில் எழுதினேன். "யாருக்குத் தனிப்பட்டது டீச்சர், நமக்கா அதுக்கா?" என்றான் ஒரு பையன். சாக்பீஸோடு நின்றுவிட்டேன்.

நாகர்கோவில்:
நினைவகம் என்றால் மணிமண்டபமும் ஆகும், கணினியின் ரேமும் ஆகும். உள் + நினைவு = உண்ணினைவு. முள் + நன்று முண்ணன்று ஆவதுபோல. விதி சுத்தம்.

கொழிஞ்சாம்பாறை:
ஐயா, இங்கே கேரளத்தில் பாதி வகுப்புக்கு உண்ணி என்றால் பக்கத்து வீட்டுக் குழந்தை. மீதிப் பேருக்கு மாட்டில் ஒட்டுவது.

மார்த்தாண்டம்:
ஓர்மை! "ஓர்மை உண்டாலே மக்கா?" என்று எங்கள் ஊர்க் கிழவி கேட்பாள். நினைவிருக்கிறதா என்று பொருள். மலையாளம் என்று முகம் சுளிக்க வேண்டாம். 'ஓர்ந்துகண் ணோடாது' என்ற குறளில் ஓர்தல் ஆராய்தல். அதுவும் செங்கோன்மை அதிகாரத்தில். நினைவில் வைத்ததை ஆராய்ந்து திருந்துவதைத்தானே டீச்சர் கேட்கிறார்? ஈழத்தில் ஓர்மம் என்றால் மன உறுதி. உரம், உறுதி, ஓர்மை மூன்றும் ஒரே வேர் என்பது என் பழைய சந்தேகம்.

நாகர்கோவில்:
அண்ணாச்சி, விட்டால் கூர்மை வரை போவீர்கள். குழுவில் யாராவது அதை ஒருமை என்று திருத்திவிடுவார்கள். சரி, அகநினைவு என்று வைப்போம். அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டக் கூடாது என்றார் தொல்காப்பியர். பொறியின் அகக்குறிப்பிலும் பேசியவர் பெயர் இருக்கக் கூடாது. பொருத்தம் பாருங்கள்!

செங்கோட்டை:
நான் மென்பொருள் எழுதுகிறவன். நினைவு என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் வெளியே ஒரு கோப்பிலோ தரவுத்தளத்திலோ கிடக்கும் குறிப்பு. பேசும்போது தேவையானதை எடுத்து முன்னால் வைப்போம். அதைப் பூட்டிவிட்டால், பொறி திருந்துகிறதா நடிக்கிறதா என்று யார் பார்ப்பது? தன்நெஞ்சே சுடும் என்பது நெஞ்சு உள்ளவனுக்கு. 'அகம்' என்று பெயர் வைத்ததுமே உள்ளே ஆள் இருப்பதாகப் பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். வெறும் 'நெடுநினைவு' போதும். சாவி யாரிடம் என்பதை அடுத்த வாக்கியத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

மார்த்தாண்டம்:
சாவி யாரிடம் என்பதுதானே அந்தப் பையனின் கேள்வி? அதைத் தள்ளிவிட்டு ஒரு சொல்லா?

கொழிஞ்சாம்பாறை:
அகநினைவுக்கு ஐந்து பேர், நெடுநினைவுக்கு மூன்று, ஓர்மைக்கு அண்ணாச்சி. பலகையில் அகநினைவு என்றே எழுதினேன். அந்தப் பையன் நோட்டில் அதன் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 'டைரி' என்று எழுதிக்கொண்டான்.

மார்த்தாண்டம்:
ஓர்மை என்று எழுதியிருந்தால் அடைப்புக்குறி வேண்டியிருக்காது.