ஷார்ட் ஸ்கேல் பேஸ்: வாங்கியது, மாற்றியது, ஃபிரெட் தேய்த்தது

பெரம்பூரிலிருந்து:

ஷார்ட் ஸ்கேல் பேஸ், அதாவது கம்பியின் வாசிக்கிற நீளம் குறைவான பேஸ் கிட்டார் என்றாலே "அது சின்னப் பசங்க வாசிக்கிறது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். சர்ச் கொயரிலும் ஆடி மாதக் கோயில் கச்சேரிகளிலும் பல வருடங்களாக நான் வாசிப்பது அதைத்தான். எனக்கு விரல் குட்டை. வழக்கமான 34 அங்குல பேஸில் நட்டிலிருந்து (தலைப்பக்கம் கம்பி உட்காருகிற பள்ளம் வெட்டிய துண்டு) நாலாவது ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) வரை ஏறக்குறைய 178 மி.மீ.; 30 அங்குலத்தில் 157. விடிய விடிய நின்று வாசிக்கிறவனுக்கு இந்த இரண்டு சென்டிமீட்டர் எவ்வளவு பெரிது என்பது மணிக்கட்டு வலி வந்தவர்களுக்குத் தெரியும். பால் மெக்கார்ட்னி கையில் இருந்த ஹாஃப்னர் வயலின் பேஸும் ஷார்ட் ஸ்கேல்தான். கிப்சன் ஈபி-0 30.5 அங்குலம். 1966ல் ஃபெண்டர் கொண்டுவந்த மஸ்டாங் பேஸ் 30. எல்லாமே பெரிய மேடைகளைப் பார்த்த வாத்தியங்கள்.

என்னுடையது கொளத்தூரில் ஒரு வீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. விற்றவர் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தம்) மாற்றியிருப்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் நெக்கைத்தான், அதாவது கழுத்தைத்தான் பார்த்தேன். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் ஏழு, எட்டாவது ஃபிரெட் பக்கம் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்கு இடைவெளி இருக்க வேண்டும். இருந்தது. அப்புறம் அவர் அனுமதியோடு எல் கீ போட்டு, நெக்குக்குள் அதன் வளைவைச் சரி செய்கிற இரும்புத் தண்டான டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்பிப் பார்த்தேன். நெக் அசைந்து கொடுத்தது. இறுகிப்போன ராடு என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பிக்கப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கெட்ட நெக்கை ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்கு வந்து வாசித்தபோது ஈ கம்பி, அதாவது தடித்த கம்பி மட்டும் ஐந்தாவது ஃபிரெட் சுற்றி 'ஜ்ர்ர்' என்றது. ஷார்ட் ஸ்கேலில் இது அடிக்கடி வரும், காரணமும் இருக்கிறது. அதே கம்பியை அதே சுருதிக்கு வைக்கும்போது, 34 அங்குலத்தை விட 30 அங்குலத்தில் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறைந்துவிடும். தளர்ந்த கம்பி அகலமாக ஆடும். பக்கத்து ஃபிரெட் ஒரு மயிரிழை உயரமாக இருந்தாலும் போய் இடித்துவிடும். லாங் ஸ்கேலில் தெரியாமல் போகிற ஃபிரெட் கோளாறு இதில் அப்படியே காதில் கேட்கும். அதனால் ஷார்ட் ஸ்கேல் வாங்கினால் கையில் மிச்சமிருக்கிற பணத்தை முதலில் ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் போடுங்கள். பிக்கப், இரைச்சலைக் குறைக்க உள்ளே ஒட்டுகிற காப்பர் டேப் எல்லாம் பிறகு.

வேலையை நானே செய்தேன். ஜன்னல் வேலை செய்கிற கடையில் அலுமினியம் செக்‌ஷன் துண்டு ஒன்று வாங்கி, கனமான கண்ணாடி மேல் வைத்து ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். ஆடாத துண்டுதான் வேண்டும். அதன் அடியில் 320 உப்புத்தாளை ஒட்டினேன். கம்பிகளைக் கழற்றி, டிரஸ் ராடைத் திருகி நெக்கை நேராக்கி, ஃபிரெட் பதித்த கட்டை முழுக்க மாஸ்கிங் டேப் போட்டு, ஃபிரெட் ஒவ்வொன்றின் தலையிலும் கறுப்பு மார்க்கர் பூசினேன். செக்‌ஷனை நீளவாக்கில், அழுத்தாமல், அதன் சொந்த எடையிலேயே ஓட்ட வேண்டும். ஆறாவதில் கறுப்பு உடனே போய் வெள்ளி தெரிந்தது. நாலாவதிலும் ஐந்தாவதிலும் மை அப்படியே நின்றது. சத்தத்துக்குக் காரணம் அந்த ஆறாவதுதான். மரச் சுத்தியால் மெல்லத் தட்டியபோது அதன் ஒரு முனை தூக்கியிருந்தது தெரிந்தது. பள்ளத்தில் மெல்லிய சூப்பர் க்ளூ ஒரு சொட்டு விட்டு, மரத்துண்டு வைத்து கிளாம்ப் போட்டேன். காய்ந்த பிறகு மறுபடி மார்க்கர், மறுபடி செக்‌ஷன். எல்லா ஃபிரெட்டிலும் மெல்லிய வெள்ளிக்கோடு ஒரே மாதிரி வந்ததும் அரம் போட்டு உருண்டையாக்கி, 600, 1000, 2000 தாள் போட்டு மெருகேற்றினேன். கம்பி வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சந்தோஷம் புது வாத்தியம் வாங்கினால்கூட வராது.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

அண்ணே, அந்த 'உருண்டையாக்கி' என்ற ஒரு வார்த்தையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லியிருக்கலாம். என் பேஸை ஒரு ரிப்பேர்க் கடையில் கொடுத்தேன். சமமாகத் தேய்த்துவிட்டு, தலை தட்டையாக இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அந்த 'ஜ்ர்ர்' சத்தம் போய்விட்டது, ஆனால் சுருதி சேரவில்லை. ஃபிரெட்டின் நடுவில் உட்கார வேண்டிய கம்பி, தட்டையான தலையில் பிரிட்ஜ் (உடம்பில் கம்பியைத் தாங்குகிற பாகம்) பக்கத்து விளிம்பில் உட்காருகிறது. ஸ்கேல் குட்டையாக இருப்பதால் ஸ்வரங்கள் நெருக்கம், இந்தத் தப்பு இன்னும் கூடுதலாகத் தெரிகிறது. கடைசியில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிற என் மாமாதான் சரி செய்தார். சின்ன முக்கோண அரத்தின் மூன்று முனைகளையும் கிரைண்டரில் மழுக்கிக் கொடுத்தார், கட்டையில் கீறல் விழாமல் இருக்க. ஃபிரெட்டின் இரண்டு பக்கமும் சாய்த்துத் தேய்த்து, உச்சியில் மார்க்கர் கோடு மயிரிழையாக மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும். கோடு அழிந்தால் உயரம் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

வியாசர்பாடியிலிருந்து:

கம்பி பற்றி நான் சொல்கிறேன். கடையில் லாங் ஸ்கேல் கம்பிதான் சுலபமாகக் கிடைக்கிறது. "வெட்டிப் போட்டுக்கோ" என்பார்கள். தடித்த சுற்று முழுசாக மெஷின் ஹெட் (கம்பியை முறுக்குகிற திருகு) தண்டில் போய் வளையும், ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான இழை சுற்றிய கம்பி) என்றால் அந்த இடத்திலேயே சுற்று பிளந்துவிடும். தண்டைத் தொடுவதற்கு முன்னால் கம்பி மெலிய வேண்டும். அதனால் ஷார்ட் ஸ்கேல் என்று உறையில் போட்டிருப்பதையே கேட்டு வாங்குங்கள். ஹாஃப்னர் மாதிரி, பிரிட்ஜுக்குப் பின்னால் தனியாகக் கம்பியைப் பிடிக்கிற வால்பீஸ் வைத்த வாத்தியத்துக்கு அதுவும் பத்தாது. கம்பி முனையில் இருக்கிற உலோகப் பந்திலிருந்து பிரிட்ஜ் வரைக்கும் நீளம் அதிகம், அதற்கென்று தனி அளவு கம்பி இருக்கிறது.

ஈ கம்பி தொளதொளவென்று இருந்தால் 105க்குப் பதில் 110 தடிமன் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) போட்டுப் பாருங்கள். நட்டில் அந்தப் பள்ளத்தை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும். எங்கள் கானா குழுவில் நான் இதைத்தான் வாசிக்கிறேன். டோலக்கோடு சேரும்போது சத்தம் குறுகலாக, குத்துகிற மாதிரி வராமல் உருண்டு வருகிறது. எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது.

ராயபுரத்திலிருந்து:

தம்பிகள் எல்லாரும் நல்லபடியாகச் சொல்லிவிட்டீர்கள். கடல் பக்கத்தில் இருக்கிறவர்களுக்காக ஒன்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் காற்றில் முதலில் சாவது பிரிட்ஜில் இருக்கிற சின்ன திருகுகள். ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) சரி செய்யப் போனால் துருப்பிடித்து அசையாது, வலுக்கட்டாயமாகத் திருகினால் உள்பள்ளம் மழுங்கிவிடும். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போதே ஒவ்வொன்றையும் லேசாகத் திருப்பிப் பாருங்கள். வந்ததும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு, முடிந்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாகவே மாற்றிவிடுவது நல்லது. வாசித்து முடித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் துணியால் துடையுங்கள், வேர்வை அங்கேதான் தங்கும். ஃபிரெட்டை முழுசாகப் பிடுங்கிப் புதிதாகப் போட வேண்டி வந்தால், விலை கூடினாலும் ஸ்டெயின்லெஸ் ஃபிரெட் கம்பி கேளுங்கள். எங்கள் ஏரியாவில் அது உழைக்கிறது.

பெரம்பூரிலிருந்து, மறுபடியும்:

வண்ணாரப்பேட்டை தம்பி, மாமாவின் அரம் யோசனை அருமை. ஃபிரெட் உயரம் 1 மி.மீ.க்குக் கீழே போயிருந்தால் தேய்க்க இடம் இல்லை, அரத்தை எடுப்பதற்கு முன்னால் வெர்னியர் வைத்து அளந்துவிடுங்கள். அந்த செக்‌ஷன் துண்டு என்னிடம் அப்படியே இருக்கிறது. பெரம்பூர் பக்கம் யாருக்காவது வேண்டுமானால் வாங்கிக்கொண்டு போகலாம்.