ராஜராஜன் காசில் வெளிர்பச்சைப் பொடி: புளி போட்டுத் தேய்க்கலாமா?

நாகைக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். தாத்தா சேர்த்து வைத்திருந்த சோழர் செப்புக்காசுகள் இப்போது என்னிடம் இருக்கின்றன. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’. வழக்கமான வகைதான். பெரும்பாலானவை கரும்பச்சையாக வழவழவென்று இருக்கின்றன. இரண்டில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு வெளிர்பச்சைப் புள்ளிகள். தொட்டால் மாவாக உதிர்கிறது. துடைத்து வைத்தால் மழைக்காலத்தில் அதே இடத்தில் மறுபடி பூக்கிறது. வீடு கடற்கரைக்குப் பக்கம். காசுகள் பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருக்கின்றன. புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார் அம்மா. செய்யலாமா? மற்ற காசுகளுக்கும் பரவுமா?

குத்துவிளக்கு:
அம்மா சொல்வது சரிதானே! எங்கள் வீட்டுப் பித்தளைச் சாமான் எல்லாம் புளியும் சாம்பலும்தான். பளபளவென்று வந்துவிடும். அப்புறம் தேங்காய் எண்ணெய் ஒரு கை தடவி வையுங்கள்.

பழைய லேப்காரர்:
புளி ரசத்துக்கே இருக்கட்டும். அருங்காட்சியக வேதியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கரும்பச்சைக் களிம்பைத் தொடவே தொடாதீர்கள். அது கெட்டியாக ஒட்டியிருக்கும் செம்பு கார்பனேட். காசின் எழுத்தும் உருவமும் பல நேரம் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். தேய்த்தால் பளபளப்பு வரும், ராஜராஜன் போய்விடுவார்.

உதிர்கிற வெளிர்பச்சை வேறு சமாசாரம். மண்ணில் கிடந்தபோது உப்பு உள்ளே இறங்கி, செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடு என்ற செம்பு உப்பாக உட்கார்ந்திருக்கிறது. ஈரமும் காற்றும் பட்டதும் அது பச்சைப் பொடியாக மாறும். மாறும்போது கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் நல்ல செம்பைத் தின்று மறுபடி குளோரைடு ஆகும். இப்படியே சுற்றிச் சுற்றி நடக்கும். இதைத்தான் வெண்கல நோய் என்கிறோம். செப்புக்காசுக்கும் வரும். பொடியைத் துடைத்தால் மேலே இருப்பதுதான் போகும், குழிக்குள் வேர் அப்படியே இருக்கும்.

சந்தேகம் இருந்தால் ஒரு காசை மட்டும் மூடிய டப்பாவில் ஈரப் பஞ்சுக்குப் பக்கத்தில், பஞ்சு படாமல், ஒரு நாள் வைத்துப் பாருங்கள். புதுப் பொடி பூத்தால் நோய்தான். லேப்பில் என்றால் காசை ஊறவைத்த காய்ச்சி வடித்த நீரில் இரண்டு சொட்டு நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் விடுவோம். பால் மாதிரி கலங்கினால் குளோரைடு இன்னும் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இப்போதைக்கு அந்த இரண்டையும் தனியாகப் பிரியுங்கள். காசுக்குக் காசு தொற்றும் காய்ச்சல் இல்லை, ஆனால் உதிரும் பொடியில் குளோரைடு இருக்கிறது. ஆல்பம் பி.வி.சி. வகை பிளாஸ்டிக் என்றால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள், அதிலிருந்தே அமிலம் கசியும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பா போதும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே நின்றால் நோய் அடங்கிவிடும். நாகையில் அது டப்பாவுக்குள்தான் நடக்கும்!

பொடியை லென்ஸ் வைத்து முனை கூராக்கிய மரக்குச்சியால் சுரண்டி எடுப்பது, குளோரைடை வெளியே இழுக்கும் சோடியம் செஸ்குவிகார்பனேட் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைப்பது, செம்பு அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கரைசலில் முக்கி மேலே பாரலாய்டு பி-72 என்ற காப்புப் பிசின் பூசுவது, இதெல்லாம் பழகிய கை செய்யவேண்டிய வேலை. பென்சோட்ரையசோல் உடம்புக்கும் ஆகாது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-லேயே இதற்கென்று வேதியியல் கூடம் ஆரம்பித்தார்கள். அங்கிருந்த வேதியியலாளர் எஸ். பரமசிவன் மண்ணிலிருந்து எடுத்த வெண்கலங்களைக் கரைசலில் மின்சாரம் செலுத்தும் மின்பகுப்பு முறையில் சுத்தம் செய்தார். அந்தக் காலத்துக்கு அது பெரிய வேலை. ஆனால் அதில் உப்போடு களிம்பும் சேர்ந்து கழன்றுவிடும். அதனால் இன்று அதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறோம். அந்த அருங்காட்சியகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

குத்துவிளக்கு:
அப்போ கோயில் உற்சவர்களைப் புளியால் துலக்குகிறார்களே, அவற்றுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

பழைய லேப்காரர்:
ஆகவில்லை என்று யார் சொன்னது? மூக்கும் கண்ணும் மழுங்கிப்போன அம்மன்களை நீங்கள் பார்த்ததே இல்லையா? வெண்கல நோய் வராததற்குக் காரணம், உப்பு தங்க நேரமில்லை, அவ்வளவுதான். அபிஷேகமும் துடைப்பும் விடாமல் நடக்கிறது. நோய் வருவது பெரும்பாலும் புதைந்து கிடந்தவற்றுக்குத்தான்.

நாகைக்காரன்:
ரொம்ப நன்றி ஐயா. இன்னொன்று. தெரிந்த நகைக்கடையில் தங்கத்தின் காரட் பார்க்கும் மெஷின் இருக்கிறது. அதில் காட்டினால் காசில் எவ்வளவு செம்பு என்று தெரியுமா?

பழைய லேப்காரர்:
காட்டலாம், காசுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த மெஷினின் எக்ஸ்-கதிர் மேல்தோலைத்தான் படிக்கும். உங்கள் காசில் மேல்தோல் என்பது களிம்பு. வெண்கலமாக இருந்தால் இன்னும் குழப்பம், செம்பு கரைந்துபோய் வெள்ளீயம் மட்டும் மேலே தங்கிவிடும், மெஷின் அதை உயர்வெள்ளீய வெண்கலம் என்றே சொல்லும். ஆதிச்சநல்லூரில் கிடைத்த கிண்ணங்களில் நிஜமாகவே 23 சதவீதம் வாக்கில் வெள்ளீயம் உண்டு, ஆனால் அது உள் உலோகத்தைச் சோதித்துச் சொன்னது. மெஷின் தரும் எண்ணை நம்பிக் காசு உறையில் எழுதி வைத்துவிடாதீர்கள்.