சூப்பர்சார்ஜர் போட்ட பிறகு பி0420: பூஸ்ட் ஏறுகிறது, இழுவை இறங்குகிறது

நாலுசிலிண்டர்:

வணக்கம். என்னுடையது 2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல் கார். கம்பெனியிலிருந்து வரும்போது டர்போ எதுவும் கிடையாது. நாலு மாதம் முன்னால் நானும் என் அண்ணனும் சேர்ந்து ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் (இன்ஜின் பெல்ட்டால் சுழன்று கூடுதல் காற்றை உள்ளே தள்ளுவது) ஒன்றை மாட்டினோம். இன்டேக் மேனிஃபோல்டு, பெல்ட், பெரிய இன்ஜெக்டர் எல்லாம் கிட்டோடு வந்தவை. எக்ஸாஸ்ட் பக்கம் கையே வைக்கவில்லை. புகையைச் சுத்தப்படுத்தும் கன்வர்ட்டர் 92,000 கிலோமீட்டர் ஓடிய பழையதுதான். ஒரு டியூனர் லாக் (ஓட்டும்போது சென்சர்கள் காட்டும் பதிவு) எடுத்து, பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் மேப் எழுதிக் கொடுத்தார். முழு மிதியில் 6 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம். மூன்று மாதம் வண்டி பறந்தது.

போன மாதம் ஆரம்பித்தது. 4,500 ஆர்பிஎம்முக்கு மேல் மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது. மூன்றாவது கியரிலேயே ஏறிய மேட்டுக்கு இப்போது இரண்டாவது போட வேண்டியிருக்கிறது. செக் இன்ஜின் லைட் எரிந்தது, ஸ்கேனரில் பி0420, கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்கிற கோடு. அழித்தேன், இரண்டே நாளில் திரும்ப வந்துவிட்டது. எனக்குப் புரியாத விஷயம் இதுதான்: பூஸ்ட் கேஜ் இப்போது 8 பிஎஸ்ஐ காட்டுகிறது. புல்லி மாற்றவில்லை. முதலில் 8 என்று பார்த்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் பிக்கப் நாளுக்கு நாள் குறைகிறது.

டியூனர், "பின் சென்சரை (கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சர்) மேப்பிலேயே அணைத்துவிடலாம், லைட் வராது" என்கிறார். அண்ணன் புது கன்வர்ட்டர் வாங்கிப் போடு என்கிறான். லைட்டை மறைப்பதில் எனக்கு மனசு இல்லை. கன்வர்ட்டர் உண்மையிலேயே போய்விட்டதா என்று வாங்குவதற்கு முன்னால் எப்படித் தெரிந்துகொள்வது?

கேஸ்கெட்:

பி0420 வந்தாலே கன்வர்ட்டர் போச்சு என்று அர்த்தமில்லை. பின் சென்சருக்கு முன்னால் எங்கேயாவது லீக் இருந்தாலும் இதே கோடு வரும். புகை துடிப்புத் துடிப்பாகப் போகும். இரண்டு துடிப்புக்கு நடுவில் வெளிக்காற்று அந்த ஓட்டை வழியாக உள்ளே இழுபடும், சென்சர் ஏமாந்துவிடும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, மேனிஃபோல்டு கேஸ்கெட்டிலும் ஃபிளாஞ்ச் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் அடித்துப் பாருங்கள். கரி படிந்த கோடு தெரிந்தால் அங்கேதான்.

பழையபட்டறை:

லீக் பார்ப்பது நல்லதுதான், ஐந்து நிமிட வேலை. ஆனால் தம்பி, லீக் இருந்தால் பூஸ்ட் 6-லிருந்து 8-க்கு ஏறாது. நீங்கள் எழுதியதில் ரொம்ப முக்கியமான வரி அதுதான்.

ரூட்ஸ் வகை பிளோயர் ஒரு சுற்றுக்கு இவ்வளவு காற்று என்று தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றை இன்ஜின் விழுங்க வேண்டும். விழுங்க முடியாமல் மேனிஃபோல்டில் தேங்கி நிற்பதைத்தான் கேஜ் பூஸ்ட் என்று காட்டுகிறது. புகை வெளியே போக வழி அடைந்தால் பழைய புகை சிலிண்டரிலேயே மிச்சம் நிற்கும். புதுக் காற்றுக்கு இடம் குறையும். தேக்கம் கூடும், முள் மேலே போகும், இழுவை கீழே போகும். பெல்ட் வழுக்கினால் நேர்மாறாக பூஸ்ட் இறங்கும். புல்லி மாற்றாமல் பூஸ்ட் ஏறி பவர் குறைகிறது என்றால் நான் முதலில் எக்ஸாஸ்டைத்தான் பார்ப்பேன்.

அடைப்பை அளந்துவிடலாம். இன்ஜின் ஆறியதும் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சரைக் கழற்றுங்கள். அந்த ஓட்டையில் அடாப்டர் மாட்டி, குறைந்த அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றை இணையுங்கள். 0 முதல் 15 பிஎஸ்ஐ வரை காட்டுவது போதும். கேஜுக்கும் ஓட்டைக்கும் நடுவில் கொஞ்ச தூரம் உலோகக் குழாய் இருக்கட்டும், ரப்பர் சூட்டில் உருகிவிடும். ஐடிலில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து வைத்தால் 3-க்குள். அதைத் தாண்டினால் அடைப்பு உறுதி. சென்சர் கழன்றிருப்பதால் வேறு கோடு வரும், பயப்பட வேண்டாம், பிறகு அழித்துக்கொள்ளலாம்.

கன்வர்ட்டரின் முன்பக்கமும் பின்பக்கமும் சூடு அளந்து பார்க்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. சுத்தமாக எரிக்கும் இன்ஜினில் ஐடிலில் நல்ல கன்வர்ட்டரிலும் வித்தியாசம் பெரிதாக இருக்காது.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படுவது. அடைப்பு என்று தெரிந்ததும் ஓடிப்போய்ப் புதுசு வாங்காதீர்கள். என் சொந்த வண்டியில் பூஸ்ட் ஏற்றியபோது நான் அதைத்தான் செய்தேன். புதுக் கன்வர்ட்டர் ஏழே வாரத்தில் உருகிவிட்டது. முதலாவதை எது கொன்றது என்று நான் தேடவே இல்லை, அது அங்கேயே இருந்து இரண்டாவதையும் கொன்றது. ஆகவே நாலு பிளக்கையும் கழற்றி இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து எழுதுங்கள். முழு மிதியில் அந்த லைட் எப்போதாவது கண் சிமிட்டியதா? பிசிவி குழாயில் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோவது) எண்ணெய் ஈரம் உண்டா?

தனிவழி:

இவ்வளவு சிரமம் எதற்கு? கன்வர்ட்டருக்குள் இருப்பதைக் கம்பியால் குத்தி எடுத்துவிட்டு வெறும் கூடாக மாட்டுங்கள். பவரும் வரும்.

பழையபட்டறை:

தயவு செய்து வேண்டாம். பல நாடுகளில் அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் அப்படியே பின்னால் வருகிறவர் மூச்சில் போகும். அதோடு இங்கே கன்வர்ட்டர் ஒரு தகவல் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்தால் அடுத்து அந்தத் தகவலைப் பிஸ்டன் சொல்லும்.

நாலுசிலிண்டர்:

அண்ணே, எல்லாம் அளந்துவிட்டேன். சோப்புத் தண்ணீரில் லீக் எதுவும் இல்லை. கேஜ் ஐடிலில் 2 பிஎஸ்ஐ, 2,500-இல் ஐந்தரை. கன்வர்ட்டரை ரப்பர் மேலட்டால் லேசாகத் தட்டினேன், உள்ளே கிலுகிலுப்பு சத்தம் இல்லை.

பிளக் நாலிலும் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். கம்பெனி அளவு அதுதான் என்பதால் அப்படியே விட்டிருந்தோம். முதல், இரண்டாம், நாலாம் பிளக் லேசான பழுப்பு. மூன்றாவது மட்டும் கறுத்து ஈரமாக இருந்தது. லைட் கண் சிமிட்டியது உண்மைதான், மூன்று தடவை பார்த்தேன். உடனே நின்றுவிட்டதால் பொருட்படுத்தவில்லை. பிசிவி குழாய் காய்ந்துதான் இருக்கிறது, கிட்டில் ஒருவழி வால்வு இருந்தது.

இன்னொன்று. பழைய லாக்கைத் திறந்து பார்த்தேன். 5,200 ஆர்பிஎம்மில் வைட்பேண்ட் (காற்றுக்கும் பெட்ரோலுக்குமான விகிதம் காட்டும் சென்சர்) 11.8-லிருந்து திடீரென்று 13.9-க்குக் குதிக்கிறது. டியூனர் அதை லீன் (பெட்ரோல் குறைவு) என்று சொல்லி அந்த இடத்தில் பெட்ரோலைக் கூட்டினார். அடுத்த லாக்கிலும் குதித்தது, இன்னும் கூட்டினார்.

பழையபட்டறை:

கிடைத்துவிட்டது தம்பி. அந்த 13.9 லீனே இல்லை, மிஸ், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விடுவது.

வைட்பேண்ட் சென்சர் பெட்ரோலை அளப்பதில்லை, புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் அதிலிருந்த காற்று முழுசாக எக்ஸாஸ்டுக்குள் போகும். சென்சருக்கு ஆக்சிஜன் நிறையத் தெரியும், லீன் என்று சொல்லும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் எரியாத சிலிண்டரிலிருந்து இன்னும் அதிகப் பெட்ரோல் கன்வர்ட்டருக்குப் போகிறது.

இங்கே பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓட்டினால் கன்வர்ட்டர் உருகும் என்பார்கள். முழு மிதியில் வெறும் ரிச் கலவை புகையின் சூட்டை உண்மையில் குறைக்கும். அதில் எரிவதற்கு ஆக்சிஜன் மிச்சமில்லை. மிஸ் அப்படியில்லை. பெட்ரோலையும் ஆக்சிஜனையும் சேர்த்தே அனுப்புகிறது. கன்வர்ட்டர் அடுப்பாகிவிடும். ஆயிரம் டிகிரி செல்சியஸ் பக்கம் போனாலே உள்ளே இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம் பூச்சு பாழாகத் தொடங்கும். 1,450 வாக்கில் பீங்கானே உருகித் துளைகள் மூடிக்கொள்ளும். லைட் சிமிட்டுவதே "கன்வர்ட்டர் வேகிறது, மிதியை விடு" என்று சொல்லத்தான்.

மிஸ் ஏன்? பூஸ்ட் ஏறும்போது பிளக் முனையில் காற்று அடர்த்தியாக இருக்கும், பொறி தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். 1.1 என்பது பூஸ்ட் இல்லாத இன்ஜினுக்கான இடைவெளி. உங்கள் அழுத்தத்துக்கு 0.7 வைத்துப் பாருங்கள், பிளக்கையும் ஒரு படி குளிர்ந்த வகையாக (சூட்டை வேகமாகக் கடத்துவது) போடுங்கள். மூன்றாவது மட்டும் ஈரம் என்பதால், அந்தப் பிளக்குக்கு வோல்டேஜ் தரும் காயிலின் மேலும் சந்தேகம். மூன்றாவது காயிலை முதலாவதுக்கு மாற்றிப் போட்டு, ஈரம் காயிலோடு போகிறதா, சிலிண்டரிலேயே நிற்கிறதா என்று பாருங்கள். சிலிண்டரிலேயே நின்றால் இன்ஜெக்டரைச் சோதிக்க வேண்டும்.

வரிசை முக்கியம். பிளக், காயில், பிறகு மேப்பில் அவர் கூட்டிய பெட்ரோலைத் திரும்ப எடுப்பது. பழைய கன்வர்ட்டரோடு சோதித்தால் அடைப்பே மிஸ்ஸை உண்டாக்கிக் குழப்பும். டைனோ (வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓட்டி அளக்கும் கருவி) இருக்கும் இடத்தில், சோதனைக்கு மட்டும் அதன் இடத்தில் வெறும் குழாயை மாட்டி ஓட்டுங்கள். ஸ்கேனரில் சிலிண்டர் வாரியாக மிஸ் எண்ணிக்கையைப் பாருங்கள். நாலிலும் பூஜ்யம் வந்த பிறகுதான் புதுக் கன்வர்ட்டர். அதுவரை ரோட்டில் மெதுவாக, பூஸ்ட் ஏறாமல் ஓட்டுங்கள்.

கேஸ்கெட்:

இந்த வைட்பேண்ட் விஷயம் எனக்கும் புதுசு. என் பழைய லாக்குகளில் இரண்டு இடத்தில் இதே மாதிரி குதிப்பு இருக்கிறது, நாளைக்கே பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறேன்.

நாலுசிலிண்டர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். காயிலை மாற்றிப் போட்டதும் ஈரம் முதல் சிலிண்டருக்கு வந்தது, ஆகவே காயில்தான். புதுக் காயில், ஒரு படி குளிர்ந்த பிளக், இடைவெளி 0.7. டியூனரிடம் லாக்கையும் கறுத்த பிளக்கையும் மேசையில் வைத்துக் காட்டினேன். அமைதியாகப் பார்த்தார், கூட்டியதை எல்லாம் திரும்ப எடுத்தார். டைனோவில் வெறும் குழாயோடு மூன்று ஓட்டம், நாலு சிலிண்டரிலும் மிஸ் பூஜ்யம். 5,200-இல் 11.7, குதிப்பே இல்லை.

கழற்றிய கன்வர்ட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஓரத்தில் தேன்கூடு மாதிரித் துளைகள் அப்படியே இருக்கின்றன. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு உருகி, கண்ணாடி மாதிரி பளபளவென்று மூடியிருக்கிறது. அண்ணன் அதைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

புதுசு மாட்டி 600 கிலோமீட்டர் ஆகிவிட்டது. முழு மிதியில் பூஸ்ட் மறுபடியும் 6-இல் நிற்கிறது. எக்ஸாஸ்டில் மாட்டிய கேஜ் 2,500-இல் 1 பிஎஸ்ஐ. பின் சென்சர் ஆடாமல் 0.7 வோல்ட்டில் இருக்கிறது. அந்த மேட்டில் நேற்று மூன்றாவது கியரிலேயே ஏறினேன். நன்றி அண்ணே.

பழையபட்டறை:

நிம்மதியாக இருக்கிறது தம்பி. 1,000 கிலோமீட்டரில் பிளக்கை ஒரு தடவை கழற்றி நிறம் பாருங்கள். மற்ற மூன்று காயிலும் அதே 92,000 ஓடியவைதான், முடிந்தால் அவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.