லினோவில் சொல்லில்லாப் படக்கதை: மெல்லிய கோடுகள் அடைபடுகின்றன

கேள்வி:
ஓவியர் லிண்ட் வார்டின் சொல்லில்லாப் படக்கதை 'காட்ஸ் மேன்' (1929) பாணியில் 20 படங்கள், ஒரு சொல்கூட இல்லாமல், 3.2 மி.மீ. தடிமனுள்ள லினோவில் (லினோலியத் தகடு) அச்சுக்காகச் செதுக்கி வருகிறேன். வானத்தில் கீறிய மெல்லிய வெள்ளைக் கோடுகளில் மை ஏறிக் கறுப்பாகிவிடுகிறது. 7ஆம் படத்திலிருந்து 8க்குப் போகும்போது கதையும் புரியவில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில் 1:
வார்டு செய்தது வுட் என்கிரேவிங். மரத்தைக் குறுக்கே அறுத்த முகத்தில், நார் பெயராத இடத்தில், பியூரின் உளியால் கீறுவது. அங்கே மயிரிழைக் கோடும் நிற்கும். லினோ அதைத் தாங்காது. ஃபிரான்ஸ் மாசரீலைப் பாருங்கள்: 1919இல் வந்த 'மோன் லீவ்ர் டேர்' நூலின் 167 படங்களும் பெரிய கறுப்பு, பெரிய வெள்ளை. ஜியாகோமோ பத்ரியின் 'ஒயிட் காலர்' லினோவிலேயே செய்தது. உங்களுக்கு அதுதான் சரியான பாடம்.

வெள்ளைக் கோட்டை 1 மி.மீ. அகலத்துக்குக் குறையாமல் வெட்டுங்கள். ஆழம் ஒன்றரை மி.மீ. போதும், அடியிலுள்ள சணல் துணி தெரியக்கூடாது. கறுப்புக் கோட்டின் (செதுக்காமல் விட்ட மேட்டின்) இரு பக்கமும் சரிவாக இருக்கட்டும். அடியைக் குடைந்துவிட்டால் அழுத்தும்போது கோடு உடையும். லினோ விறைப்பாக இருந்தால் 5 நிமிடம் வெயிலில் வையுங்கள்.

அடைப்புக்குப் பெரும்பாலும் மைதான் காரணம். ரோலர் ஓடும்போது மெல்லிய 'சரசர' கேட்க வேண்டும். 'சப் சப்' என்று ஒட்டினால் மை அதிகம். மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை ஏற்றுங்கள். முதல் இரண்டு தாள் வெளிறித்தான் வரும், அதற்காக மை கூட்டாதீர்கள். அடைபட்ட கோட்டை மென்மையான பல் துலக்கும் பிரஷால் துடைத்துவிட்டுத் தொடரலாம்.

பதில் 2:
கதைப் பக்கம்: இடம், நேரம், ஆள் மூன்றையும் ஒரே தாவலில் மாற்றியிருக்கிறீர்களா? ஒன்றையாவது அப்படியே விடுங்கள். நாயகனுக்குத் தொப்பி, மேலங்கி என்று தூரத்திலிருந்தே தெரியும் ஓர் அடையாளம் வேண்டும். முகத்தை நம்ப வேண்டாம், லினோவில் முகம் படத்துக்குப் படம் மாறிவிடும். அச்சில் இடவலம் மாறும் என்பதையும் மறக்காதீர்கள். வரைபடத்தை டிரேசிங் தாளில் எடுத்து, திருப்பிப் போட்டுப் பதியுங்கள். இல்லையென்றால் ஊரைவிட்டுப் போகிறவன் ஊருக்குத் திரும்புவதுபோல் தெரிவான்.

கனவுக்கும் நனவுக்கும் நடுவே குழப்பம் என்றால் மையை மாற்றலாம். வார்டின் 'வைல்ட் பில்கிரிமேஜ்' (1932) நூலில் மனத்துக்குள் நடப்பவை ஆரஞ்சுச் சிவப்பில், மற்றவை கறுப்பில்.

பதில் 3:
ஒன்று சேர்க்கிறேன். சொல்லே கூடாது என்பதை விரதமாக்க வேண்டாம். வார்டே 'வெர்டிகோ'வில் (1937) ஒருத்தியின் கதையை ஆண்டுகளாகவும், முதியவரின் கதையை மாதங்களாகவும், இளைஞனின் கதையை நாள்களாகவும் தலைப்பிட்டுப் பிரித்தார். உங்கள் 8ஆம் படத்தில் ஒரு கடைப் பலகையோ நாள்காட்டியோ வந்தாலே போதும். எழுத்தைத் தலைகீழாகச் செதுக்காமல் இடவலம் மட்டும் மாற்றிச் செதுக்குங்கள். உளி வைக்கும் முன் கண்ணாடியில் காட்டிப் படித்துப் பாருங்கள். 'ன', 'ண' சுழிகள் சிறிய அளவில் அடைபடும், எழுத்து 8 மி.மீ. உயரமாவது இருக்கட்டும்.