பிரெஞ்சு மார்க்குல கனடா கிடைச்சிருக்கு: டொராண்டோவா, மங்டனா?

கோல்ஸ்பார்க்_கவி

வணக்கம். பெங்களூர் ஃப்ரேசர் டவுன்ல இருக்கோம். நான், வீட்டுக்காரர், ஆறு வயசுப் பொண்ணு. ரெண்டு வருஷமா சனிக்கிழமை தவறாம வசந்த நகர் அலியான்ஸ் பிரான்சேஸுக்கு ஸ்கூட்டர்ல போய் பிரெஞ்சு படிச்சேன். உண்மையைச் சொல்லிடறேன், அந்த மொழி மேல ஆசைப்பட்டுப் படிக்கல. கனடாவுல குடியேற மார்க் போட்டு ஆள் எடுக்கற எக்ஸ்பிரஸ் என்ட்ரியில, பொது ட்ராவுக்கு (அழைப்பு அனுப்பற சுற்றுக்கு) ஐநூறுக்கு மேல ஸ்கோர் கேட்டாங்க, எங்களால எட்ட முடியல. பிரெஞ்சு தெரிஞ்சவங்களுக்குன்னு தனியா வைக்கிற ட்ராவுல 2024 பிப்ரவரியில 336க்கே கூப்பிட்டாங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். அந்த வாரமே ஃபீஸ் கட்டிட்டேன்.

டெஃப்ங்கற பிரெஞ்சுப் பரீட்சையில நாலு பகுதியிலயும் ஏழாம் நிலை வந்துச்சு. எழுதறதுல மயிரிழையில தப்பிச்சேன். அழைப்பும் வந்தது, பிஆரும் (நிரந்தரமா அங்க வசிக்கற உரிமை) வந்தாச்சு. பிரெஞ்சு மாகாணமான கியூபெக்குக்கு வெளிய குடியிருக்கணும், அவ்வளவுதான் நிபந்தனை.

வீட்டுக்காரர் டொராண்டோதான் போகணும்கிறார். அவங்க சித்தப்பா குடும்பம் டொராண்டோவோட ஸ்கார்பரோ பகுதியில இருக்கு, முருங்கைக்காய்ல இருந்து ஐயர் வரைக்கும் கிடைக்கும்கிறார். எனக்கு என்னமோ உறுத்துது. பிரெஞ்சு பேசற சின்னச் சின்ன ஊர்ங்க ஆள் இல்லாம தேயுதுன்னுதானே இந்தக் கதவையே திறந்து வச்சிருக்காங்க? அந்தக் கதவு வழியா உள்ள போயிட்டு மறுநாளே ஸ்கார்பரோ பஸ் ஏறினா, பந்தியில சாப்பிட்டுட்டு மொய் வைக்காம வர்ற மாதிரி இல்ல?

மங்டன், சட்பரி மாதிரி பிரெஞ்சு பேசறவங்க இருக்கற ஊர்ங்க பக்கம் போனவங்க யாராவது சொல்லுங்க. பொண்ணை பிரெஞ்சு ஸ்கூல்ல போடலாமா? வீட்ல தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷும் கன்னடமும். இதுக்கு மேல நாலாவதா ஒண்ணான்னு மாமியார் கேக்கறாங்க.

போன்ழூர்_டீச்சர்

கவி, இந்திராநகர்ல பதினாலு வருஷமா பிரெஞ்சு சொல்லித் தரேன். முன்னெல்லாம் பத்தாவதுல மார்க் வாங்கறதுக்காக வருவாங்க. இப்ப பாதிப் பேர் உங்க மாதிரி, கல்யாணம் ஆகி, லேப்டாப் பையோட, கண்ணுல தூக்கத்தோட வர்றவங்க.

சட்டப்படி உங்க மேல தப்பே கிடையாது. பிஆர் இருந்தா எந்த மாகாணத்துக்கும் மாறிக்கலாம், அது அங்க அடிப்படை உரிமை. ஆனா உறுத்தல் நியாயமானதுதான். 1971ல கியூபெக்குக்கு வெளிய பிரெஞ்சு பேசறவங்க 6.1 சதவீதம் இருந்தாங்க. அதுக்கப்புறம் இறங்குமுகம்தான். 2023ல ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தினப்போ, அந்தப் பழைய 6.1க்குத் திரும்பணும்னு சட்டத்துக்குள்ளயே எழுதி வச்சிட்டாங்க. வெளிய வந்து குடியேறறவங்கள்ல 4.4 சதவீதமாவது பிரெஞ்சு பேசறவங்களா இருக்கணும்னு பல வருஷமா இலக்கு வச்சிருந்தும், 2022லதான் எட்டினாங்க. இப்ப அதை விடப் பெரிய இலக்கைக் குறி வச்சு ஓடறாங்க. 2025 ஜனவரியில சட்பரி, டிம்மின்ஸ், கெலோனான்னு ஆறு இடங்களுக்குத் தனித் திட்டமே ஆரம்பிச்சாங்க. அதுல ஐந்தாம் நிலை பிரெஞ்சும், அந்த ஊர் கம்பெனியில ஒரு வேலையும் இருக்கணும்.

கொண்டுவர்ற வழி இப்ப சுலபம். தங்க வைக்கறதுதான் கஷ்டம். என் மாணவர் ஒருத்தர் சட்பரி போனார், பதினொரு மாசத்துல டொராண்டோ பக்கத்து மிசிசாகாவுக்கு வந்துட்டார். ஏன்னு கேட்டேன். “மேடம், நீங்க சொல்லிக் கொடுத்த பிரெஞ்சை அங்க யார்கிட்டயும் பேசவே இல்ல”ன்னார். வேலையில இங்கிலீஷ், கடையில இங்கிலீஷ். அந்த ஊர் லாரன்ஷியன் பல்கலைக்கழகம் 2021ல கடன்ல மூழ்கினப்போ 28 பிரெஞ்சு படிப்புகளை ஒரே அடியா மூடினாங்க. பிள்ளைங்க மேல படிக்க வழி குறைஞ்ச ஊர்ல பெத்தவங்க எத்தனை நாள் இருப்பாங்க?

மர்ஃபிடவுன்_மங்டன்

கவி சிஸ்டர், நான் மர்ஃபி டவுன் ஆளு. 2022 ஜனவரியில மங்டன் வந்தேன். மைனஸ் இருபத்திரெண்டுல இறங்கி, ஏர்போர்ட் வாசல்லயே மூக்குல முடி உறைஞ்சு போச்சு. அதை விடுங்க, எல்லாரும் சொல்ற கதை.

மொதல்ல மொழிக் கதை. நான் படிச்சது பாரிஸ் பிரெஞ்சு. வந்த வாரமே பக்கத்து வீட்டுக்காரர் “ஜே பார்க்கே மொன் ஷார்”ங்கறார். வண்டியை நிறுத்திட்டாராம்! ‘பார்க்’ இங்கிலீஷ், வாலு பிரெஞ்சு. இதுக்கு ஷியாக்னு பேரு. எனக்குச் சிரிப்பு வரல, கண்ணுல தண்ணி வந்துச்சு. நம்ம “சொல்ப அட்ஜஸ்ட் பண்ணுங்கோ” தமிழ்தானே இது? சென்னையில மாமா வீட்டுக்குப் போனா, ‘பெங்களூர் தமிழ் வந்துடுச்சு’ன்னு நம்மளைக் கிண்டல் பண்ணுவாங்களே, இவங்களுக்கும் அதே அடி. கியூபெக்காரனும் சிரிப்பான், பாரிஸ்காரனும் சிரிப்பான்.

அதனால என்ன ஆகுதுன்னா, நீங்க வாயைத் திறந்து ரெண்டு வாக்கியம் பேசறதுக்குள்ள இவங்க இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க. மரியாதைக்காக ஒரு பக்கம், ‘நம்ம பிரெஞ்சு அவ்வளவு நல்லா இருக்காது’ங்கற கூச்சம் ஒரு பக்கம். நம்ம ஊர்ல கன்னடக்காரங்க இதைத்தானே பண்றாங்க? ஆட்டோல ஏறி நாம தடுமாறினா அவரே தமிழுக்கோ இந்திக்கோ மாறிடுவார். பத்து வருஷம் கழிச்சு ‘இவங்க கன்னடமே கத்துக்கலை’ன்னு கோபம் வரும். கோபத்துல நியாயம் இருக்கு, ஆனா கத்துக்க விடாததுல அவங்க நல்ல மனசுக்கும் பங்கு இருக்கு. டீச்சர் மேடத்தோட மாணவருக்கு சட்பரியில இதுதான் நடந்திருக்கும்.

நான் ஒரு காரியம் பண்ணினேன். கடையில, பேங்க்ல, எங்க இங்கிலீஷுக்கு மாறினாலும் நான் பிரெஞ்சுலயே பதில் சொல்வேன். அசடு வழியும். மூணு மாசத்துல மீன் கடை அம்மா என்கிட்ட ஷியாக்லயே வம்பு பேச ஆரம்பிச்சிட்டாங்க.

வேலைன்னு பார்த்தா மங்டன்ல ரெண்டு மொழி தெரிஞ்சா ஒரு படி மேல. கால் சென்டர், இன்சூரன்ஸ், ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் கேக்கறாங்க. கனடாவுலயே ரெண்டு ஆட்சிமொழி உள்ள ஒரே மாகாணம் நியூ பிரன்ஸ்விக். பக்கத்துல ஒட்டியே டியெப், அங்க பெரும்பாலும் பிரெஞ்சுதான். டியெப்புல கடை போர்டு ரெண்டு மொழியிலயும் இருக்கணும்னு 2010லயே விதி போட்டுட்டாங்க. கடை போர்டுல அறுபது சதவீதம் கன்னடம் இருக்கணுங்கற நம்ம ஊர்ச் சண்டையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதெல்லாம் ரொம்பப் பழக்கமான காட்சி.

குறையும் சொல்லிடறேன். என் மனைவி லேப் டெக்னீஷியன். சர்ட்டிஃபிகேட்டை ஒத்துக்க வைக்கவே ஒண்ணரை வருஷம் இழுத்தடிச்சாங்க, அதுவரைக்கும் முதியோர் இல்லத்துல வேலை பார்த்தா. வந்த புதுசுல நாலு தடவை டொராண்டோவுல வீடு தேடினோம். வாடகையும் ஏறிப் போச்சு, பஸ்ஸை நம்பிப் பிழைக்க முடியாது, கார் வேணும். கறிவேப்பிலை சில வாரம் வரும், சில வாரம் வராது.

நாங்க நின்னதுக்குக் காரணம் எந்த அரசாங்கத் திட்டமும் இல்ல. வந்த வருஷம் ஆகஸ்ட் 15. காலையில போன்ல சுதந்திர தினம் பார்த்துட்டு இருக்கேன், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி “பாத்திரம் எடுத்துட்டு வாங்க”ங்கறார். அன்னைக்கு இவங்களுக்கு அகாடிய தேசிய தினமாம். அகாடியர்னா இந்தப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரங்க. 1755ல இருந்து இவங்க முன்னோரைப் பிரிட்டிஷ்காரன் ஊர் ஊரா அடிச்சுத் துரத்தினான், ‘நாங்க இன்னும் இங்கதான் இருக்கோம்’னு தட்டு, சட்டி எல்லாம் தட்டி ஊர்வலம் போவாங்க. தேன்தமார்னு பேரு. (மங்டன்ங்கற பேரே அந்தத் துரத்தல்ல பங்கெடுத்த ஒரு ராணுவ அதிகாரியோட பேருதான். இங்க இருக்கற பல்கலைக்கழகத்தோட பேரையாவது மாத்தலாமான்னு சண்டை நடந்துச்சு.) என் மனைவி எவர்சில்வர் தாம்பாளத்தையும் சாம்பார் கரண்டியையும் எடுத்துட்டு வந்து அடிச்ச அடியில எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. மறுநாள் அந்தத் தெருவுல நாலு பேர் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. அதுக்கப்புறம் வீடு தேடல.

பையன் பிரெஞ்சு ஸ்கூல். இங்க ரெண்டு மொழிக்கும் தனித்தனி ஸ்கூல் அமைப்பு. இங்கிலீஷ் தெருவுலயே வந்துடும், அதுக்குப் பயமே வேணாம்.

அல்சூர்_பெரியவர்

மகளே, நான் கனடா பார்த்ததில்லை. அல்சூரில் எழுபத்தொரு வருடமாக இருக்கிறேன். தமிழ் மீடியத்தில் படித்தவன். என் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்தில் போட்டேன். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை பதினெட்டு வருடம் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறந்தபோது நானும் கூட்டத்தில் நின்று கைதட்டினேன். என் பேத்தி அந்த வழியாகத்தான் தினமும் போகிறாள். நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். எங்களை யாரும் தடுக்கவில்லை அம்மா. தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகளைப் போடாமல் விட்டவர்கள் நாங்கள்தான்.

அந்த ஊர்க்காரர்களும் தங்கள் பிள்ளைகளை இப்படித்தான் இழந்திருப்பார்கள். உன் மகளை பிரெஞ்சுப் பள்ளியில் போடு. மாமியாரிடம் சொல், நாலு மொழி இந்தப் பெங்களூரில் காய்கறிக்காரருக்கே வரும். தமிழை மட்டும் வீட்டில் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு எந்த அரசாங்கமும் ஸ்கோர் தராது.

கோல்ஸ்பார்க்_கவி

எல்லாருக்கும் நன்றி. ஐயா எழுதினதை வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், “ஒரு வருஷம் பார்க்கலாம், கறிவேப்பிலை வரலைன்னா கிளம்பிடலாம்”ன்னார். மாமியார் இன்னும் ஒத்துக்கல. மே மாசம் டிக்கெட் பார்க்கறோம்.

மர்ஃபி டவுன் அண்ணா, தாம்பாளம் அங்க கிடைக்குமா, இல்ல கமர்ஷியல் ஸ்ட்ரீட்ல வாங்கிட்டு வரணுமா?

மர்ஃபிடவுன்_மங்டன்

வாங்கிட்டு வாங்க சிஸ்டர். கனமானதா பாருங்க. இன்னொண்ணும் சேர்த்து, எங்களது நெளிஞ்சு போச்சு.